வருசத்துக்கு ஒரு முழம்

கட்டடம் நடக்காதுன்னு நீ சொல்லுக, சரி, நீ கட்டடத்துக்குன்னே படிச்சவன், கம்பி எத்தன இஞ்சி, சிமிண்டு எத்தன சட்டின்னு பாக்கவன், ஒனக்குத் தெரிஞ்ச கட்டடம் எல்லாம் மண்ணுக்குள்ள காலப் பொதச்சுட்டு நிக்கப்பட்டது, அது எங்க மக்கா நடக்கும்? அந்த சாயா டம்ளரக் கையில வச்சுச் சுட்டுக்கிடாத, முத்தத்துல கெடக்க முக்காலியில வச்சுட்டு இப்பிடி வந்து இரி. நான் சொல்லுகது மரத்துல நின்ன கட்டடம். ஓடுச்சு, பறந்துச்சுன்னு எவனாவது சொல்லியிருந்தா நானும் ஒன்ன மாதிரி சிரிச்சிருப்பேன். தாழக்கடவு சவுக்கை நடந்துச்சு. வருசத்துக்கு ஒரு முழம். வைகாசிப் பாதியில பொறக்க எடவப்பாதி மழையில மொதத் துளி ஓட்டுல விழும்போ படுத்துக் கெடக்க மாடு எந்திரிக்கப் போற மாதிரி ஒரு முனகல், பொறவு ஒரு முழம், அம்புட்டுதான், அடுத்த வருசத்து மழை வரைக்கும் ஒரு ஆப்பு அசையாது.

சவுக்கைன்னா ராசா காலத்துல ஆத்து வழியா வர சரக்குக்குத் தீர்வை வாங்குன எடம். நாப்பத்தெட்டுத் தேக்குத் தூணு, ஒவ்வொண்ணும் ஒரு கல்லுல நிக்கும், மேல அயினி உத்திரம், பிலாப்பலகை மச்சு, சுவரும் பலகைதான், ஒரு இரும்பாணி கெடையாது, எல்லாம் மர ஆப்பு. கெட்டுனது பப்பு ஆசாரி. அவரு ஒரு மரத்தக் கண்டா மொதல்ல அதுக்க அடி மூட்டுல கோடாலியச் சாத்தி வச்சுட்டு, இதுல குடியிருக்கப்பட்ட கிளியும் பாம்பும் பேயும் மூணு நாளைக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு வந்துருவாரு. நாலாம் நாளுதான் வெட்டு. அதே மாதிரி, வேல முடிஞ்சா தச்சுக் கழிக்கணும். அதுக்கு மொறை உண்டு. வீட்டுக்கு ஒடயவன் கோடி வேட்டியும் வெத்தல பாக்கும் ஆசாரிக்கக் கையில வச்சுக் குடுக்கணும். ஆசாரி ஒரு செஞ்சாவக்கோழியச் சுத்தி அறுத்து, தூணு தூணாத் தட்டி, இனி நீ என் கைவேல இல்ல, இவியளுக்க வீடுன்னு கட்டடத்துக்கிட்ட சொல்லி, திரும்பிப் பாக்காம எறங்கிப் போவணும். அதுக்குப் பொறவு வீட்டுக்காரன், ஆசாரியே உள்ள வாரும்னு கூப்பிட்டாத்தான் அவரு விருந்தாளியா அந்தப் படி ஏறலாம். அது வரைக்கும் கட்டடம் கெட்டுனவனுக்கது. அம்புட்டு மரத்த அறுத்து அடிச்சு மாட்டுன கைய, ஒரு வார்த்த சொல்லாம அது எப்பிடி விடும்?

அப்பம் சவுக்கைக்கு இருந்த விசாரிப்புக்காரரு வேற மாதிரி ஆளு. சர்க்கார் கட்டடத்துல பேயும் கெடையாது, ஆசாரிக்கு வேட்டியும் கெடையாதுன்னுட்டாரு. ஒரு பூசாரியக் கூட்டிட்டு வந்து தண்ணி தெளிச்சு மந்திரம் சொல்லிப் பால் காய்ச்சியாச்சு. பப்பு ஆசாரி சாவலக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மூணு நாளு வாசலுக்கு வெளிய இருந்தாரு. கூப்பிடுவாவன்னு இருந்தாரு. மூணாம் நாளு மத்தியானம் சாவல் அவருக்க மடியில அசிங்கம் பண்ணுச்சு, அவரு எந்திரிச்சு வீட்டுக்குப் போயி அதக் கறி வைக்கச் சொன்னாரு. அந்தக் கறிய அவரு தொடவே இல்லன்னும், எலும்பு வரைக்கும் தின்னாருன்னும் ரெண்டு விதமாச் சொல்லுவாவ. கோவக்காரனுக்குப் பசி சாஸ்தியா இருக்குமா கொறச்சலா இருக்குமான்னு எனக்குத் தெரியல்ல. ஆனா கட்டடத்துக்கிட்ட சொல்ல வேண்டியத ஒருத்தரும் சொல்லல்ல, அது மட்டும் நெசம்.

ஆசாரி உசுரோட இருந்தது வரைக்கும் ஒண்ணும் இல்ல. தெனமும் காலம்பற வந்து நாப்பத்தெட்டுத் தூணையும் வெரல் மொட்டியால தட்டிட்டுப் போவாரு. கறையான் பாக்காருன்னு ஊரு நெனச்சுது. அவரு செத்த பத்தாம் நாளு எடவப்பாதி பொறந்துச்சு. மறுநாள் காலம்பற தூத்துக்காரி வந்து பாத்தா, பின்வாசலுக்கும் அதுக்க படிக்கும் நடுவுல ஒரு முழம் வெறும் மண்ணு கெடக்கு. அவ அதையும் சேத்துத் தூத்துட்டுப் போயிட்டா. விசாரிப்புக்காரரு மேலாபீசுக்கு எழுதுனாரு. மூணு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு, படியை மாற்றிக்கொள்ளவும்னு, ஒரே வரி. மாத்துனாவ. அடுத்த வருசமும் மாத்துனாவ. பொறவு அதுக்கே ஒரு கொத்தனார நேமிச்சாவ, அவருக்குப் பொறவு அவருக்க மவன், ரெண்டு பேரும் படி மாத்தியே பென்சன் வாங்குன ஆளுக.

ராசா போயி சர்க்கார் வந்துச்சு, சவுக்கை கொஞ்ச நாள் பள்ளிக்கூடமா இருந்துச்சு, கொஞ்ச நாள் ரேசன் கட, கடைசியில பேரூராட்சி ஆபீசு. எல்லா ஆபீசையும் வயித்துல வச்சுட்டு அது நடந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு மொதல்ல சவுக்கை முன்னுன்னு பேரு, முப்பது வருசம் கழிச்சு அதே ஸ்டாப்பு சவுக்கை பின்னு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேசன், அந்தப் பக்கம் வேற. சவுக்கை வாய்க்காலத் தாண்டுன வருசம் உள்ள இருந்த வெண்கல உருளி களவு போச்சு. முன்னறையில இருந்து எடுத்தானா பின்னறையில இருந்து எடுத்தானான்னு தெரிஞ்சாத்தான் கேசு எழுதுவோம்னு ரெண்டு ஸ்டேசனும் சொல்லி, கடைசியில களவாண்டவனே மனசு சடஞ்சு அதக் கொண்டு வந்து வச்சுட்டுப் போனான். ஒவ்வொரு வருசத்து எடத்துலயும் ஒரு கல்லு நட்டு சுண்ணாம்பு அடிச்சிருந்தாவ. பொண்ணு பாக்க வாறவன் வயசு கேக்க மாட்டான், பிள்ள பொறந்தப்பம் சவுக்கை எந்தக் கல்லுல நின்னுதுன்னு கேப்பான், போயி எண்ணிப் பாத்துக்கிடுவான். எங்க பெரியம்ம மவளுக்கு மூணு கல்லு கொறச்சுச் சொல்லிக் கெட்டிக் குடுத்து, வாத்தியாரு மாப்பிள்ள, எண்ணத் தெரிஞ்சவன், விருந்துக்கு வந்த அன்னைக்கே மூணு கல்லையும் காலால தட்டிக் காட்டுனான். அந்தக் கத கெடக்கட்டும்.

அது எங்க போச்சுன்னு கேளு. அதத்தான் ஊரு கேக்காம இருந்துச்சு. மேக்க, ஆத்துப் பக்கம், நேரா பப்பு ஆசாரிக்க வீட்டப் பாத்துப் போச்சு. முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்கு ஒரு அறைன்னு ரெண்டு முறி ஓட்டு வீடு. அங்க ஆசாரிக்க மவன் நாணு ஆசாரி இருந்தாரு. நீராவது போயித் தச்சுக் கழிச்சு விடும்னு நாலு பேரு வந்து சொன்னாவ. வேட்டியக் கொண்டு வாங்கன்னாரு. வந்து கேட்டு வாங்கிக்கிடும்னாவ. கேட்டு வாங்குனா அது கோடி இல்ல, பிச்சன்னு சொல்லிட்டு உளியத் தீட்டப் போயிட்டாரு. அப்பிடியே செத்தும் போனாரு. அவருக்கு ஒத்த மவ, ஆவுடை. அவ பொறந்தப்பம் சவுக்கை ரெண்டாங் கல்லுல நின்னுச்சு. அவளுக்குப் பல்லு மொளைக்கவும் அது நடக்கவும், அவ வயசுக்கு வரவும் அது நடக்கவும், அவ தாலி கெட்டவும், தாலி அறுக்கவும் அது நடக்கவுமா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாவ. பிள்ள இல்ல. தேங்காச் செரட்டையில அகப்பை செஞ்சு சந்தையில வித்துக்கிட்டு அந்த வீட்டுலயே கெடந்தா.

ஒன்பது முழந்தான் மிச்சம்னு ஆனப்பம் ஆவுடைக்கு முத்தத்துல வெயில் இல்லாமப் போச்சு. செரட்ட காயல்ல. சவுக்கைக்க கூரத் தண்ணி முழுக்க அவளுக்க அடுக்களையில விழுந்துச்சு. அவளுக்கு வேற ஒண்ணும் வேண்டாம், பாட்டா பப்பு ஆசாரி கெட்டுன அந்த ரெண்டு முறியில கெடந்து சாவணும், அம்புட்டுதான். போயி மனு குடுத்தா. சவுக்கைக்கு உள்ள இருந்துதான் மனு வாங்குனாவ, பாத்துக்கோ. சேர்மன் அருளப்பன் நல்லாத்தான் பேசுனாரு. லாரிக் கயிறு கொண்டு வந்து அந்தப் பக்கத்து ஆலமரத்துல கெட்டுனாவ. மழை வந்துச்சு, ஆலமரமும் சேந்து ஒரு முழம் வந்துச்சு.

பொறவு சேர்மனுக்கு ஒரு புத்தி தோணுச்சு. கட்டடத்த மாத்த முடியாது, மனுசிய மாத்தலாம். வடக்க காலனியில ஒரு வீடு சும்மா கெடக்கு, போயி இரு ஆவுடைன்னாரு. அவளுக்கு மனசே இல்ல. ஆனா நசுங்கிச் சாவதுக்கு இது மேலுன்னு அகப்பையையும் பாட்டா செஞ்ச முக்காலியையும் வேன்ல ஏத்திட்டுப் போனா. அந்த முக்காலி சவுக்கைத் தூணுல மிச்சம் வந்த தேக்குத் துண்டுல செஞ்சது. எடவப்பாதி வந்துச்சு. சவுக்கை ஆளில்லாத வீட்டப் பாக்கல்ல. மொத தடவையா மொகத்தத் திருப்பி வடக்க ஒரு முழம் வச்சுச்சு. வடக்க சேர்மன் புதுசாக் கெட்டுன மாடி வீடு. பித்தள எழுத்துல பேரு பதிச்ச காம்பவுண்டுச் சுவரு, அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு.

அது வீட்டத் தேடல்ல, ரத்தத்தத் தேடுதுன்னு ஊருக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. மழை விடுகதுக்கு முந்தி அதே வேன்ல ஆவுடையத் திருப்பிக் கொண்டு வந்து எறக்குனாவ. அந்த வாரமே தீர்மானம் போட்டாவ, எடவப்பாதிக்கு மொத மழை விழும்போ ஆவுடை அவளுக்க வீட்டுலதான் இருக்கணும்னு. எல்லாரும் கை தூக்குனாவ. பியூன் குற்றாலம் நோட்டும் பேனாவுமா வந்து, இருக்கியா ஆவுடைன்னு கேட்டு ஒப்பு வாங்கிட்டுப் போவான். ஒரு கலியாணத்துக்குப் போவ முடியல்ல, ஒரு சாவுக்குப் போவ முடியல்ல. மனுசி ஒருத்தி எந்த எடத்துல நசுங்கணும்னு ஓட்டுப் போட்ட ஊரு அது ஒண்ணுதான் இருக்கும்.

அவ ஒருக்கா குற்றாலத்துக்கிட்ட கேட்டா.

"நான் செத்தா இந்த நோட்டுல என்ன எழுதுவீரு?"

"இருந்தான்னு எழுதுவேன் அக்கா. இல்லன்னா என் வேல போவும்."

அவனும் பாவப்பட்டவந்தான். அடுத்த ஒப்புக்கு வரும்போ அரக் கிலோ சீனி கொண்டு வந்து குடுத்தான்.

கடைசி முழத்து வருசம் ஊரு முழுக்கக் குடையோட வந்து நின்னுச்சு. சுக்காப்பிக்காரன் வந்தான், சோளம் அவிச்சு விக்கவன் வந்தான். ஆவுடை கதவ அடைக்கல்ல. முன் முறியில முக்காலியப் போட்டு, பாட்டா எப்பிடி மூணு நாளு வெளிய இருந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு, அசையாம இருந்தா. ஓட்டுல மொதத் துளி விழுந்துச்சு. முனகல் கேட்டுச்சு. வெளிய நின்னவங்க கண்ணப் பொத்துனாவ. சவுக்கை ஒரு தூணத் தூக்கி அவளுக்கச் சேம்புப் பாத்திக்கு அந்தப் பக்கம் வச்சுச்சு, ஒரு தூணத் தூக்கித் துணி அலக்குக கல்லுக்கு இந்தப் பக்கம் வச்சுச்சு, அன்னைக்கு மட்டும் முழக் கணக்குப் பாக்காம தூணு தூணா, தூங்குக பிள்ளயத் தாண்டிப் போற தாயி மாதிரிக் காலெடுத்து வச்சு, அந்த ரெண்டு முறி வீட்ட நடுக்கூடத்துல எடுத்து மடியில வச்ச மாதிரி வச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு ஓடு ஒடையல்ல. பொறவு அது நடக்கல்ல. போவ வேண்டிய எடம் வந்தாச்சுல்லா.

ஒரு வருசம் ஆவுடை ராணி மாதிரி இருந்தா. பத்து வருசமா ஒழுகுன அடுக்களையில ஒரு சொட்டு விழல்ல. பெரிய கூடத்தத் தூத்து, தூணையெல்லாம் எண்ணெ போட்டுத் தொடச்சு, பாட்டா மாதிரி காலம்பற ஒவ்வொண்ணா வெரல் மொட்டியால தட்டுவா. ஆபீசுக்காரங்க பக்கத்து முறிகள்ல இருந்து வேல பாத்தாவ, அவ குடுக்க கட்டஞ்சாயாவக் குடிச்சாவ. அந்த வருசந்தான் அவ சிரிச்சத நாலு பேரு கண்டது.

அதுக்கு அடுத்த வருசம் புதுசா ஒரு செயல் அலுவலரு வந்தாரு. வந்தவரு கூடத்துல ஒரு வீட்டக் கண்டாரு. குற்றாலமே கொண்டு வந்து ஒட்டுனான் நோட்டீச: அரசுக் கட்டடத்தினுள் அனுமதியின்றி வீடு கட்டிக் குடியிருப்பதால் ஏழு நாளைக்குள் காலி செய்ய வேண்டியது. ஆவுடை அதக் கையில எடுத்துட்டு ஆபீசு முறிக்குப் போனா.

"நான் இதுக்குள்ள வந்தேனா சாரே, இது என்னத் தேடி வந்துச்சா?"

"கட்டடம் வந்ததா எங்க ரெஜிஸ்டர்ல இல்லம்மா. வீடு உள்ள இருக்குங்கிறதுதான் இருக்கு."

அறுவது வருசம் படி மாத்துன ஆபீசு. ஒரு கல்லு நட்டாலும் எழுதி வச்ச ஆபீசு. அந்த ரெஜிஸ்டர மட்டும் காணல்லன்னாவ.

ஆனா அவள வெளிய தள்ளவும் பயம். தள்ளுனா சவுக்கை பின்னாலேயே போவும், வடக்க போச்சுன்னா சேர்மன் வீடு. அப்பந்தான் சேர்மன் அருளப்பன் குளிச்சு நெத்தியில பூசிக்கிட்டு, ஒரு தாம்பாளத்துல கோடி வேட்டியும் வெத்தல பாக்கும் வச்சு, அதுக்க பக்கத்துல செஞ்சாவலும் கெட்டி, அவ வாசலுக்கு வந்தாரு. பொம்பள தச்சுக் கழிச்சா செல்லுமா, அதுலயும் தாலி அறுத்தவன்னு கூட வந்தவங்க மொணங்குனாவ. பப்பு ஆசாரிக்க ரத்தம் வேற எவங்கிட்டயாவது இருந்தா அவனக் கூட்டிட்டு வாங்கன்னு அவ சொன்னதும் வாயப் பொத்துனாவ.

"ஆவுடை, ஒங்க பாட்டாவுக்குக் குடுக்க வேண்டியத நான் கையில வச்சுக் குடுக்கேன். நீ அதுக்கிட்ட சொல்ல வேண்டியதச் சொல்லிரு. சொல்லிட்டா ஒன் வீட்டுல நீ இருந்துக்கோ. நோட்டீசக் கிழிச்சுப் போட்டுருவேன்."

அவ நோட்டீசப் பாக்கல்ல மக்கா. வேட்டியத்தான் பாத்தா. நாலு முழம், சிகப்புக் கர, மடிப்புக் கலையாத வேட்டி. பாட்டா மூணு நாளு இருந்து கெடைக்காத வேட்டி, அப்பா சாவது வரைக்கும் கேக்க மாட்டேன்னு இருந்த வேட்டி. அது கையில வந்து இருந்தப்பம் அவ அத மூக்குல வச்சு மோந்து பாத்தா. வீட்டுக்காகச் செய்யல்ல அவ. அந்தக் கோடி மணத்துக்காகத்தான் செஞ்சா. நீ நானா இருந்தாலும் செஞ்சிருப்போம்.

ஊரு பாக்கச் செஞ்சா. சாவல அறுத்தா. எட்டாத எடத்துக்கு முக்காலியப் போட்டு ஏறி நின்னு உத்திரத்தத் தொட்டா, பொறவு எறங்கித் தூணு தூணாப் போயித் தட்டுனா. "இனி நீ பப்பு ஆசாரிக்கக் கைவேல இல்ல. ஊருக்க வீடு. எங்கிட்ட ஒனக்கு ஒண்ணும் இல்ல." நாப்பத்தேழு தூணுக்கும் தெளிவாச் சொன்னா. நாப்பத்தெட்டாவது, அவளுக்கச் சேம்புப் பாத்திக்குப் பக்கத்துல காலு வச்ச தூணு. அதுக்குச் சொல்லும்போ மட்டும் சத்தம் வரல்ல, ஒதடுதான் அசைஞ்சுச்சு. கேட்டவங்களுக்குக் கேக்கல்ல. மரத்துக்குக் கேட்டுருச்சு, கூர முழுக்க ஒரு மூச்சு விட்ட சத்தம், ஓட்டத் தாங்குக கழுக்கோலு எல்லாம் ஒரு நூலு தாந்துச்சு.

மொறைப்படி திரும்பிப் பாக்காம எறங்குனா. ஒரு கையில வேட்டி, இன்னொரு கையில முக்காலி. வாசல்ல இருந்து ஏழடி போயி, வீட்டுக்காரன் கூப்பிடுகதுக்காக முதுகக் காட்டிக்கிட்டு நின்னா. ஆசாரியே உள்ள வாரும்னு ஒரு வார்த்த. அதுதான் பாக்கி.

பின்னால கதவு அடைக்கச் சத்தம் கேட்டுச்சு. சவுக்கைக்க பெரிய கதவு. பொறவு பூட்டுச் சத்தம்.

"கழிச்ச ஆசாரிய வீட்டுக்காரன் கூப்பிட்டாத்தானே உள்ள வரணும்? அது ஒங்க மொறை ஆவுடை, நாங்க வச்சதில்ல," அப்பிடின்னாரு சேர்மன். "நாங்க கூப்பிடல்ல."

குற்றாலம் நோட்டக் கக்கத்துல வச்சுட்டுக் கீழ பாத்துக்கிட்டு நின்னானாம். அப்பவும் அவ திரும்பல்ல. திரும்புனா மொறை தப்பும், மொறை தப்புனா பாட்டாவுக்கு வந்த வேட்டி வராத வேட்டியாப் போயிரும்னு நெனச்சா. அங்கேயே முக்காலியப் போட்டு, சவுக்கைக்கு முதுகக் காட்டிக்கிட்டு மூணு நாளு இருந்தா. நாலாம் நாளு எங்க மாமியா போயிக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்த வீட்டுக்குப் பின்னால எறக்கிக் கெட்டுன சாய்ப்புல எடம் குடுத்தாவ.

அறுவது வருசமாக் கறையான் ஏறாத மரம் அது. ஒரு மாசத்துல ஏறிருச்சு. ரெண்டாம் வருசம் கூர எறங்கி அவளுக்க ரெண்டு முறி மேல விழுந்துச்சு. நடந்து வந்தப்பம் ஒரு ஓடு ஒடைக்காதது, நின்னதுக்கப்புறம் எல்லாத்தையும் ஒடச்சுச்சு. நல்ல உத்திரத்தயெல்லாம் கடப்புறத்து ஹோட்டலுக்கு ஏத்திட்டுப் போனாவ. இப்பம் அங்க ஒங்கள மாதிரி படிச்சவன் கெட்டுன காங்கிரீட்டு ஆபீசு நிக்கி, மழைக்கு அதுக்குள்ள குடை பிடிச்சுட்டு இருக்காவ, நீ போயிப் பாரு. சுண்ணாம்புக் கல்லயெல்லாம் ரோட்டுக்கு எடுத்துட்டாவ. வயசு தெரியணும்னா ஆதார் கார்டத் தேடுதாவ.

ஆவுடை நாலு வருசம் இருந்தா. வேட்டிய மடிப்புக் கூடக் கலைக்கல்ல. அவ செத்தப்பம் மாமியாதான் அதப் பிரிச்சு அவ மேல போத்தி ஆத்தங்கரையில எரிச்சாவ. பப்பு ஆசாரிக்க ரத்தம் அதோட முடிஞ்சுது, கட்டடமும் இல்ல, கழிச்சும் ஆச்சு, பொறவு என்ன கதன்னு கேப்ப. ஒண்ணு மறந்து போச்சு எல்லாருக்கும், அவளுக்கும் சேத்து. நாப்பத்தெட்டுத் தூணுக்கும் சொன்னா, உத்திரத்துக்குச் சொன்னா. உத்திரத்தத் தொட ஏறி நின்னப்பம் காலுக்குக் கீழ கெடந்ததுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல.

ஓட்டுல என்ன சத்தம்? பாத்தியா, பேச்சுல மழையக் கவனிக்கல்ல. ஏட்டி செம்பகம், எடவப்பாதி விழுந்தாச்சு, அந்த முக்காலி முத்தத்த விட்டு எறங்கி ஆத்துப் பக்கம் திரும்பியாச்சு பாரு. இவருக்க சாயா டம்ளரும் அதுக்க மேலதான் போவுது, ஓடிப் போயி ரெண்டையும் உள்ள எடுத்துட்டு வாட்டி.